பின்னால் வருபவனுக்கு ஒரு முடிச்சு

ஆரணி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்?

கல்யாண வீட்டுக்காரர்களுக்குப் பட்டுப்புடவை. மண்டிக்காரர்களுக்கு அரிசி மூட்டை. சரித்திரம் படித்தவர்களைக் கேட்டால், 'ஓ... ஆரணிச் சண்டையா?' என்பார்கள். 1751 டிசம்பரில் ராபர்ட் கிளைவ், பிரெஞ்சுக்காரர்களின் துணையோடு வந்த ரஸா சாகிப்பின் படையைத் தோற்கடித்தது இங்கேதான். 1782 ஜூனில் ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டுக்கும் இதே ஊர்ப்பக்கம் இன்னொரு மோதல்.

இந்த வாரம் பீரங்கி, குதிரை எதுவும் நமக்கு வேண்டாம். ஆரணி நெசவாளர்கள் சிலரோடு சேர்ந்து ஒரு மலை ஏறப் போகிறோம். அவ்வளவுதான்! ஆனால், அந்த மலைப்பாதையின் சரித்திரம் கிளைவின் சண்டையைவிடப் பல நூற்றாண்டுகள் பழசு. ஒரு டார்ச் லைட், கொஞ்சம் பொரிகடலை, தண்ணீர் பாட்டில்... எடுத்துக்கொண்டு வாருங்கள்.

'அதெல்லாம் சரி, மழைக்காலத்தில் யாராவது மலை ஏறுவார்களா?' என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன்.

'நமக்கு வேற எப்ப சார் லீவு?' என்றார் அந்தப் பெரியவர். அறுபது வயதைத் தாண்டிய நெசவாளி. வருஷா வருஷம் தெருக்காரர்களைத் திரட்டி மலைக்கு அழைத்துப் போகிறவர். இளவட்டங்களுக்கு அவர் 'மாமா'.

அவர் சொன்னதில் ஒரு கணக்கு இருக்கிறது. தீபாவளி வரைக்கும் தறி மூச்சு விடாது. தீபாவளி முடிந்ததும் ஆர்டர் குறையும். அந்த நேரம் பார்த்து ஐப்பசி மழையும் கொட்டும். பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிச் சரிசெய்ய வேண்டுமே... ஈரத்தில் எப்படி முடியும்? தரையில் பள்ளம் வெட்டிப் போட்ட குழித்தறியாக இருந்தால் குழிக்குள் தண்ணீர் ஊறும். கால் வைக்க முடியாது. வேலை நின்றால் கூலியும் நிற்கும். நெசவாளிக்கு மழைக்கால லீவு என்பது அப்படி ஒன்றும் சந்தோஷமான லீவு இல்லை! 'சும்மா உக்காந்து வானத்தைப் பாக்கறதுக்கு, அந்த வானத்துக்குக் கிட்டப் போய்ப் பாக்கலாமே' என்பது பெரியவரின் வாதம்.

மேல்நாட்டில் இது இலை பழுத்து உதிரும் காலம். நமக்கு ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம். மலையும் மலை சார்ந்த இடமுமான குறிஞ்சிக்குத் தொல்காப்பியம் ஒதுக்கிய பருவமும் இதே கூதிர்தான். ஆக, மழையில் மலை என்பது நம் இலக்கணத்திலேயே இருக்கிறது!

நாம் போவது பர்வதமலை. போளூருக்கு அந்தப் பக்கம், கலசபாக்கம் வட்டாரத்தில், சுமார் 4,500 அடி உயரத்தில் செங்குத்தாக நிற்கிறது. உச்சியில் மல்லிகார்ஜுனரும் பிரம்மராம்பிகையும் குடியிருக்கிறார்கள். தென்மகாதேவமங்கலம், கடலாடி என்று இரண்டு ஊர்களிலிருந்து ஏற வழி உண்டு. முதலில் படிக்கட்டு. பிறகு கரடுமுரடான கற்கள். அதற்கும் மேலே போனால்... பாறையில் கடப்பாறைகளை அறைந்து சங்கிலி கட்டி வைத்திருக்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும். கீழே குனிந்து பார்த்தால் வயிற்றுக்குள் என்னவோ செய்யும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஆயிரக்கணக்கில் ஏறுகிறார்கள். ஏறும்போது மூச்சுத்திணறியும் வழுக்கி விழுந்தும் உயிரை விட்டவர்களும் உண்டு. விளையாட்டான மலை இல்லை.

தென்மகாதேவமங்கலத்தில் வேனை விட்டு இறங்கினோம். பெண்கள், சிறுவர்கள் எல்லோரும் சேர்த்து இருபத்திரண்டு பேர். விடிந்தும் விடியாத நேரம். இளைஞர்களுக்கு உடனே கிளம்ப வேண்டும். பெரியவரோ டீக்கடை பெஞ்சில் ஜம்மென்று உட்கார்ந்துவிட்டார்.

'இன்னா மாமா, போவலாமா?'

'இருப்பா. மேலேர்ந்து யாராச்சும் எறங்கி வரட்டும்.'

ராத்திரி மேலே தங்கியவர்கள் நாலு பேர் இறங்கி வந்தார்கள். பெரியவர் அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து விசாரணையை ஆரம்பித்தார். எந்த இடத்தில் வழுக்குகிறது, எங்கே மரம் சாய்ந்திருக்கிறது, ஓடையில் தண்ணீர் எந்த அளவு, குரங்குத் தொல்லை எப்படி... கால்மணி நேரம். ஒரு பையன் பொறுமை இழந்து, 'நான் செல்போன்ல வீடியோவே பாத்துட்டேன் மாமா, வழி எல்லாம் தெரியும்' என்றான்.

'அது எப்ப எடுத்த வீடியோடா?'

பையன் பார்த்தான். சித்திரை மாதம் எடுத்தது!

'அது சித்திரை மலை. நாம ஏறப்போறது ஐப்பசி மலை' என்றார் பெரியவர்.

எனக்குச் சட்டென்று ஒரு புத்தகம் ஞாபகத்துக்கு வந்தது. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம்! உ.வே.சாமிநாதையர் 1889-ல் நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டை அச்சில் கொண்டுவந்து காப்பாற்றிக் கொடுத்தாரே... அதில் கடைசிப் பாட்டு. 583 அடிகள். எழுதியவர் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். இதற்கு இன்னொரு பெயர் கூத்தராற்றுப்படை. 'ஆற்றுப்படுத்துதல்' என்றால் வழிகாட்டி அனுப்புவது.

காட்சி இதுதான். ஒரு கூத்தர் கூட்டம் வறுமையோடு நடந்து வருகிறது. முழவு, ஆகுளி, தூம்பு, குழல் என்று வாத்தியங்களைப் பைகளில் கட்டிக் காவடி போலத் தோளில் தொங்கவிட்டிருக்கிறார்கள். பார்ப்பதற்குப் பலாமரத்தில் காய் காய்த்துத் தொங்குவதுபோல இருக்கிறதாம். விறலியர் வருகிறார்கள். அவர்களுடைய பாதம், ஓடிக் களைத்த நாயின் நாக்குபோல இருக்கிறது என்கிறார் புலவர். செருப்பில்லாமல் மலையில் நடந்து பார்த்தவர் சொன்ன உவமை! கூடவே பரட்டைத்தலைக் குழந்தைகள். எதிரே இன்னொரு கூத்தன் வருகிறான். செங்கண்மா என்ற ஊரில் நன்னன் என்ற தலைவனிடம் பரிசு வாங்கித் திரும்புகிறவன். 'நீங்களும் போங்க, இப்படி இப்படிப் போங்க' என்று வழி சொல்கிறான்.

செங்கண்மா எது தெரியுமா? இன்றைய செங்கம்! பாட்டில் வரும் சேயாறு நம் செய்யாறு. ஆரணியைத் தொட்டு ஓடும் கமண்டல நாகநதி போய்ச் சேருவதும் அந்த ஆற்றில்தான். நன்னனின் நவிரமலையில் 'காரியுண்டிக் கடவுள்' இருந்ததாகப் பாட்டு சொல்கிறது. நஞ்சை உண்ட சிவன். அந்த நவிரமலைதான் இன்றைய பர்வதமலை என்று அறிஞர்கள் அடையாளம் காட்டுகிறார்கள். அதாவது, ஏறக்குறைய 1,800 வருஷத்துக்கு முந்தைய 'டிரெக்கிங் கைடு' ஒன்று இந்த மலைக்குத் தமிழில் இருக்கிறது. நாம்தான் அதைப் பரீட்சைக்குப் படித்துவிட்டு மறந்துவிட்டோம்!

அந்தக் கூத்தன் சொல்லும் எச்சரிக்கைகளைக் கேளுங்கள். தினைப்புனத்துப் பக்கம் காட்டுப்பன்றிக்குக் கல்பொறி வைத்திருப்பார்கள், இருட்டில் போகாதீர்கள், விடிந்த பிறகு கடந்து போங்கள். பரல்கல் நிறைந்த இடத்துப் பிளவுகளில் பாம்பு இருக்கும், ஒதுங்கி நடங்கள். பரண்மேல் நிற்கும் குறவர்கள் யானையை விரட்டக் கவணில் கல் எறிவார்கள், அது எமன்மாதிரி வரும், மரத்தின் மறைவிலேயே போங்கள். மலையாற்றில் இறங்கும் இடம் இருட்டாக இருக்கும், வழுக்கும், தடித்த கொடிகள் சுற்றிய மரத்தைப் பற்றிக்கொள்ளுங்கள். குழந்தைகளை வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பாதுகாத்தபடி கடந்து போங்கள். ராத்திரி ஆகிவிட்டால் மேலே நடக்காதீர்கள், சொந்த வீட்டுக்குள் நுழைவதுபோலக் குகைக்குள் போய்ப் படுங்கள்...

இதில் 'சாகசம்' என்ற பேச்சே கிடையாது, கவனித்தீர்களா? உச்சியைப் பிடித்தோமா, எத்தனை மணி நேரத்தில் ஏறினோம் என்பதெல்லாம் அவனுக்குப் பொருட்டில்லை. இருபது பேர் கிளம்பினால் இருபது பேரும் போய்ச் சேர வேண்டும். கவலை அது ஒன்றுதான்.

வழி தவறிவிட்டால்? அதற்கும் பதில் வைத்திருக்கிறான். அலையாதீர்கள். அகலமான பாறையில் எல்லோரும் கூடி உட்கார்ந்து வாத்தியத்தை வாசியுங்கள். சத்தம் கேட்டு மலைக்காரர்கள் ஓடி வருவார்கள். தின்னப் பழமும் சூடப் பூவும் கொடுத்து, முன்னே நடந்து வழி காட்டுவார்கள். இன்றைக்கும் மலை மீட்புக் குழுவினர் சொல்லும் முதல் பாடம் இதுவே. தொலைந்தால் நில்... ஒன்றாக இரு... சத்தம் கொடு!

சரி, நாமும் ஏறுவோம்.

பெரியவர் இரண்டே சட்டம் போட்டார். யாருக்கு அதிகமாக மூச்சு வாங்குகிறதோ அவர்தான் வேகத்தை முடிவு செய்வார். வலுவான பையன் ஒருவன் கடைசியில் வர வேண்டும், அவனுக்குப் பின்னால் யாரும் இருக்கக்கூடாது. வீடியோ பார்த்த பையன்தான் அந்தக் கடைசி ஆள். முகம் சுருங்கிப்போனது அவனுக்கு.

வழி பிரியும் இடங்களில் பெரியவர் ஒரு வேலை செய்தார். மஞ்சள் பைக்குள்ளிருந்து தறியில் மிச்சமான சிவப்புப் பட்டு நூலை எடுத்து, நாங்கள் போகும் பக்கத்துச் செடியில் ஒரு முடிச்சு. பின்தங்கி வருகிற பெண்களுக்கு அடையாளம். நெசவாளிக்கு முடிச்சு சாதாரண விஷயமா? ஒரு பாவு முடிந்ததும் பழைய பாவின் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் ஒவ்வோர் இழையைச் சேர்த்துப் பிணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள்! பழசு இழுத்துக்கொண்டு போகும் வழியிலேயே புதுசு வந்துவிடும்.

ஓரிடத்தில் ஏற்கெனவே ஒரு துணி கட்டியிருந்தது. வெயிலில் வெளுத்த காவித் துணி. பெரியவர் அதை அவிழ்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

'ஏன் அவிழ்க்கிறீங்க? அதுவும் அடையாளம்தானே?' என்றேன்.

'இது எந்த வருஷத்து அடையாளமோ... அந்தப் பக்கம் மண்ணு சரிஞ்சு கீது, பாருங்க. இதை நம்பிப் போறவன் கதி?'

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால், மலைபடுகடாத்திலும் இதே இடம் வருகிறது! பாதைகள் கூடும் சந்தியில் நின்று, அங்கே இருக்கும் பழைய தடத்தைக் கையால் துடைத்துவிட்டு, நீங்கள் போகும் வழிக்கு அடையாளமாகப் புல்லை முடிந்து வையுங்கள் என்கிறான் கூத்தன். உங்களுக்குப் பின்னால் வரும் புதியவர்கள் தடுமாறக் கூடாதல்லவா? படித்தபோது 'அட, புல்லில் முடிச்சா!' என்று ரசித்ததோடு சரி. முதலில் எதற்குத் துடைக்கச் சொல்கிறான் என்று யோசித்ததே இல்லை. பெரியவர் காவித் துணியை அவிழ்த்தபோதுதான் புரிந்தது. புல் நாலைந்து நாளில் காய்ந்து உதிர்ந்துவிடும். அடையாளம் அவ்வளவு நாள் இருந்தால் போதும். அதற்குப் பிறகு வருகிறவனுக்கு அப்போது நடந்து பார்த்த ஒருவன் புதிதாக முடிந்து வைக்க வேண்டும். காலாவதியான அடையாளம் ஆளைக் கொல்லும்.

உச்சிக்குப் போனோம். கடப்பாறைப் படிகளில் சிறுவர்களை ஆளுக்கொருவராக நடுவில் விட்டு ஏற்றினார்கள். மல்லிகார்ஜுனரைத் தரிசித்தோம். சுற்றிலும் மேகம். ஜவ்வாது மலை இருக்கும் திசையே தெரியவில்லை. பொரிகடலையைத் தின்று முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

எங்கள் திட்டப்படி கடலாடிப் பக்கம் இறங்க வேண்டும். வேன் அங்கே வந்து நிற்கும். மழை சற்று விட்டதும் இறங்கினோம். பாதை பிரியும் இடத்துக்கு வந்ததும் பெரியவர் நின்றுவிட்டார். தலையைச் சாய்த்து எதையோ கேட்டார். பிறகு, 'வந்த வழியே போயிடலாம்' என்றார்.

முணுமுணுப்பு ஆரம்பமாயிற்று. வேன்காரனிடம் யார் பேசுவது? அந்தப் பக்கம் தூரம் குறைவாமே? இப்பத்தான் மழை விட்டுவிட்டதே! பெரியவர் பதிலே சொல்லவில்லை. எல்லோரையும் உட்காரச் சொன்னார். சற்று நேரத்தில் விறகுக் கட்டோடு ஓர் அம்மா அந்தப் பக்கத்திலிருந்து ஏறி வந்தார். தலைமுதல் கால்வரை நனைந்திருந்தது.

'ஓடைல தண்ணி பூந்துடுச்சுங்க. நான் தாண்டி வரசொல்ல முழங்காலு. இப்ப எவ்ளோன்னு தெரியாது. புள்ளைங்களை இட்டுக்கினு அங்க போவாதீங்க' என்றார் அந்த அம்மா.

கூட்டம் கப்சிப்! அப்போதுதான் எங்கள் காதிலும் விழுந்தது. கீழே எங்கேயோ, லாரி ஏறுவதுபோல ஒரு 'கும்'மென்ற ஓசை. எங்களுக்குக் கேட்பதற்குக் கால்மணி முன்பே பெரியவருக்குக் கேட்டிருக்கிறது. மலைபடுகடாம் என்ற பெயரையே மலையை யானையாகவும் அதில் எழும் ஓசைகளை அதன் மதமாகவும் பாவித்துத்தான் வைத்தார்கள். அருவி விழுவது, குறவர் கூப்பிடுவது, தேன் எடுப்பவர்கள் ஆரவாரம், யானைப் பிளிறல் என்று வரிசையாக ஓசைகளாகவே அடுக்குகிறார் புலவர். பாட்டில் அது அழகு. அன்றைக்கு எங்களுக்கு அது உயிர்.

வந்த வழியே இறங்கினோம். இருட்டுவதற்குள் இருபத்திரண்டு பேரும் டீக்கடைக்கு வந்தாயிற்று. வேன்காரர் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார், கொஞ்சம் திட்டிக்கொண்டே!

பெரியவர் மட்டும் அன்றைக்கு அந்த வழியிலேயே இறங்கியிருந்தால்..? இப்படி நினைக்கும்போது எனக்குக் குரங்கணி ஞாபகம் வராமல் இருக்காது. 2018 மார்ச் 11. தேனி மாவட்டம். கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. காய்ந்த புல் சரிவு, காற்று. இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பெரும்பாலும் இளம் வயதினர், அதிலும் பெண்கள் பலர். குரல் கேட்டு ஓடியவர்களில் பக்கத்து மலைக்கிராமத்து மக்கள் இருந்தார்கள். போர்வையில் கட்டித் தூக்கி இறக்கினார்கள். சத்தம் கேட்டால் மலைக்காரர்கள் ஓடி வருவார்கள் என்று கூத்தன் சொன்னது அந்த நாளிலும் பொய்யாகவில்லை. ஆனால், அவர்கள் பின்னால் ஓடி வரும்படி ஆகிவிட்டது. முன்னால் நடந்திருக்க வேண்டியவர்கள் அவர்கள்!

அதற்குப் பிறகு, 2018-லேயே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தத் தமிழக அரசு விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளை அறிவித்து, உள்ளூர் மக்களையே வழிகாட்டிகளாகப் பயிற்சி கொடுத்து நியமித்தது. கானவர் முன்னே நடந்து வழி காட்டுவார் என்ற பழைய ஏற்பாட்டுக்கு நாம் திரும்பி வர இத்தனை காலமும் இத்தனை உயிரும் தேவைப்பட்டிருக்கின்றன.

யோசித்துப் பாருங்கள். ஆற்றுப்படையில் வழி சொல்கிறவன் யார்? அரசன் இல்லை. பண்டிதன் இல்லை. தானே அந்த வழியில் நடந்து, இப்போதுதான் திரும்பி வருகிற ஒரு கூத்தன். கால் வலி இன்னும் தீராதவன். வழி சொல்ல அவனுக்கு இருக்கும் ஒரே தகுதி அதுதான். பெரியவர் டீ வாங்கிக் கொடுத்து விசாரித்த நாலு பேரும், விறகுக் கட்டோடு வந்த அந்த அம்மாவும் அவன் பரம்பரையைச் சேர்ந்தவர்கள்தான்.

ஆகவே, நீங்கள் எந்த மலைக்குப் போனாலும், பர்வதமலையோ வெள்ளியங்கிரியோ, கிளம்புவதற்கு முன் வனத்துறையில் ஒரு வார்த்தை கேளுங்கள். அடிவாரத்தில் ஒரு டீ குடியுங்கள். மேலேயிருந்து இறங்கி வரும் ஆளுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்!

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். இறங்கும்போது பெரியவர் தான் கட்டிய சிவப்பு நூல்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டே வந்தார். கடைசி முடிச்சு மட்டும் மழையில் இறுகிப்போய் அவிழ மறுத்தது. கூட்டத்தின் கடைசியில் வந்த அந்த வீடியோ பையன் நின்று, நகத்தால் நெம்பி, பல்லால் கடித்து அதை அவிழ்த்தான். அவிழ்த்த நூலைப் பெரியவரிடம் நீட்டினான்.

'நீயே வச்சுக்க. அடுத்த வருஷம் நீ முன்னால நடக்கணும்' என்றார் பெரியவர்.